தக்கையும் இலவம்பஞ்சும்

கடலோடிக்கு வேண்டிய உபகரணங்களுள் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால், கத்தியையும் மழைச்சட்டையையும் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம், மிதவைச் சட்டையைத் தேர்ந்தெடுங்கள் என்றே சொல்வேன். 1854-இல் இங்கிலாந்தில் காப்டன் வார்டு என்பவர், மீட்புப் படகுகளில் செல்வோருக்காக, ஒடுங்கிய தக்கைத் துண்டுகளைக் கித்தான் துணியில் வரிசையாகத் தைத்து ஒரு கவசம் சமைத்தார். பார்வைக்கு அவலட்சணமான அந்த வஸ்துவை அணிந்தவர் தாராளமாகக் குனிந்து துடுப்புப் போடலாம் என்பதே அதன் விசேஷம். 1861 பிப்ரவரியில் விட்பி துறைமுகத்தருகே புயலில் மீட்புப் படகு கவிழ்ந்து 13 பேரில் 12 பேர் மாண்டபோது, அதை அணிந்திருந்த ஹென்ரி ஃப்ரீமன் ஒருவரே உயிர் பிழைத்தார்.

தக்கைக்குப் பின் வந்தது, நம் வீட்டுத் தலையணைக்குள் உறங்கும் இலவம்பஞ்சு. கிளியை ஏமாற்றியதாக நாம் பழி சுமத்தும் அந்தப் பஞ்சின் இழை ஒவ்வொன்றும் காற்றடைத்த நுண்குழலாகவும், மேலே மெழுகு படர்ந்ததாகவும் இருப்பதால், அதற்குள் ஜலம் எளிதில் புகுவதில்லை. ஆயினும், எண்ணெய் ஊறினாலும் நசுங்கினாலும் அதன் மிதக்கும் சக்தி குன்றிவிடும்; அதை மெத்தையாகப் போட்டு உட்காரலாகாது. (உட்காராத மாலுமி உண்டோ?)

இக்காலத்து நுரைச் சட்டைகளை வாங்குவோர், பளபளப்பில் மயங்காமல், வார்களை இறுக்கிக் கட்டியபின் தோள்பட்டையைப் பிறர் பற்றித் தூக்கும்போது சட்டை காதுவரை ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏறினால் அது உங்கள் அளவன்று. கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.