திரும்பிப் போனவள்

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பெப்ரவரி 14 இல் வெளியானது. எட்டாம் நாள் இங்கே யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. ஆகவே இறுவட்டாக அப்படம் கல்முனைப் பக்கம் வந்தபோது, சமாதானம் என்ற சொல் எங்களுக்கு வெறும் வசனமாக ஒலிக்கவில்லை. ஆசிரியர் கலாசாலை மாணவர்களான நாங்கள் இரவிரவாக வாதிட்டோம். நல்ல சிங்களவராக வைத்தியர் ஹரோல்ட் (பிரகாஷ்ராஜ்) வருகிறார், போராளிகள் வருகிறார்கள், முஸ்லிம்கள் எங்கே என்பதே என் கட்சி.

அண்மையில் மீண்டும் பார்த்தேன். அந்தக் குறையை இப்போது பெரிதாகச் சொல்லமாட்டேன். ஒரு கதைக்குள் எல்லோரும் வரவேண்டியதில்லை. பாத்திரங்களின் இலங்கைத் தமிழ்தான் இன்றும் காதில் ஒட்டவில்லை. அது வாத்தியாரின் காது.

ஒன்பது வயது அமுதா பெற்ற தாயைத் தேடி மாங்குளம் வருவதை ஊர் திரும்பும் கதையாகவே அன்று பார்த்தோம். அவளோ இராமேஸ்வர முகாமில் பிறந்தவள். விட்டுப்போன ஊரென்று அவளுக்கு ஒன்றில்லை. உண்மையில் திரும்பியவள் ஷியாமா. கர்ப்பிணியாகப் படகேறித் தப்பியவள், பெற்ற குழந்தையை விட்டுவிட்டுக் கணவனுக்காக மீண்டும் யுத்தத்துக்குள் போகிறாள். படத்தின் கனம் இங்கேதான் இருக்கிறது. ஆனால் அவள் எப்படித் திரும்பினாள், என்ன கண்டாள் என்பதைப் படம் விரிக்கவில்லை. பாடல்களுக்குக் கிடைத்த நேரத்தில் கொஞ்சம் அதற்கும் கிடைத்திருக்கலாம்.

எனினும் இறுதிக் காட்சி படத்தை மீட்டுவிடுகிறது. மகளின் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு ஷியாமாவிடம் விடையில்லை. சென்னைக்கு வரும்படி கேட்டும் அவள் போகவில்லை. நந்திதா தாஸின் முகத்தில் அந்த மறுப்பு கல்நெஞ்சாகத் தெரியவில்லை. அதுவரை ஷியாமாவை ஏசிக்கொண்டிருந்த என் உம்மா, "அவக்கு வரேலாது மனே" என்றார். நான் படித்த விமர்சனங்களில் இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

பிரசன்ன விதானகேயின் 'இர மெதியம' (2003) நமது வெளியேற்றத்தைத் தொட்ட சிங்களப் படம். புலிகளால் துரத்தப்படும் கிராமத்தோடு சிறுவன் அரபாத் தன் நாயைப் பிரிய மனமின்றி நடக்கிறான். போவதை அங்கே கண்டோம். அரபாத் திரும்பி வருவதை நான் எந்தத் திரையிலும் கண்டதில்லை.

கலாசாலையில் எனக்கு யாழ்ப்பாண நண்பர் ஒருவர் இருந்தார். 1990 ஒக்டோபர் 30 இல் சோனகத் தெருவிலிருந்து இரண்டு மணிநேர அவகாசத்தில் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்து முகாமில் வளர்ந்தவர். 2002 இல் போய்ப் பார்த்துவந்தார். கூரை இல்லை, கதவு நிலைகள் இல்லை, கிணறு மாத்திரம் அப்படியே கிடந்ததாம். தண்ணீர் அள்ளிக் குடித்தீர்களா என்று கேட்டேன்.

"வாளியில்ல" என்றார்.

இதில் படமெடுக்க என்ன இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லையே என்பார் அவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமுதாவுக்குக் கேட்க ஒரு தாயாவது இருந்தாள்.