பஸ்கொக்ஸ் குழுவின் தொடக்க காலம்: சுயாதீன இசைத்தட்டு பற்றிய ஒரு நோக்கு

பொப் இசையைச் சந்தையின் மலினச் சரக்கென ஒரே வாக்கியத்தில் ஒதுக்கிவிடுவது முற்போக்கு விமர்சகர் சிலரிடையே வழக்காகிவிட்டது. அச்சரக்கு எவரால், எவரது பணத்தைக் கொண்டு உற்பத்தி செய்யப்படுகின்றது என்ற வினாவை அவர்கள் எழுப்புவதில்லை. பின்னாளில் 'பொப்-பங்க்' எனப் பெயர்பெற்ற இசைவகையின் முன்னோடிகளுள் ஒன்றாகிய பஸ்கொக்ஸ் குழுவின் தொடக்க ஆண்டுகளை இவ்வினாவோடு அணுகுவதே எமது நோக்கமாகும்.

இங்கிலாந்தின் போல்டன் தொழில்நுட்ப நிறுவன மாணவர்களான ஹோவர்ட் டிவோட்டோவும் பீற் ஷெல்லியும் 1976 பெப்ரவரியிலே செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் இசையை நேரிற் கேட்டுத் திரும்பினர். அக்குழுவை மன்செஸ்டருக்கு அழைப்பதற்குத் தாமே மண்டபம் ஒழுங்குசெய்தனர். யூன் 4ஆந் திகதி நடைபெற்ற அந்நிகழ்ச்சியிலே தாமும் இசைக்க எண்ணியிருந்தபோதும், குழு நிறைவுபெறாமையால் அது கைகூடவில்லை. ஸ்டீவ் டிகிளும், பதினாறே வயதான முரசு வாத்தியக்காரர் ஜோன் மாரும் இணைந்தபின், யூலை 20இல் அதே இடத்தில் மேடையேறினர். (அவ்விடம் ஃபிறீ ட்றேட் மண்டபத்தின் சிற்றரங்காகும். 1819இல் பீற்றர்லூப் படுகொலை நிகழ்ந்த நிலத்தில், தடையற்ற வாணிபத்தின் பெயரால் எழுப்பப்பட்ட கட்டடம் அது.)

பிரித்தானிய இசைத்தட்டுத் தொழில் இலண்டனிலே குவிந்திருந்த காலம் அது. குழுவினரோ உறவினர், நண்பரிடம் ஏறத்தாழ 500 பவுண் கடன்பெற்று, நியூ ஹோர்மோன்ஸ் என்ற பெயரிலே தமக்கெனத் தனி வெளியீட்டமைப்பை நிறுவினர். 1976 டிசம்பர் 28இல் மார்ட்டின் ஹனெற்றின் தயாரிப்பில் நான்கு பாடல்கள் ஒலிப்பதிவாயின. 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' என்ற அத்தட்டு 1977 சனவரியில் ஆயிரம் பிரதிகளாக வெளிவந்து, காலப்போக்கில் 16,000 வரை விற்பனையாயிற்று. பங்க் இசையின் முதற் சுயவெளியீடு இதுவே எனச் சிலர் கூறுவது பொருந்தாது. அவுஸ்திரேலியாவின் செயின்ற்ஸ் குழு 1976இலேயே தன் தட்டைத் தானே வெளியிட்டிருந்தது. பிரித்தானியாவைப் பொறுத்தவரையிலேதான் பஸ்கொக்ஸுக்கு முதன்மை உண்டு.

எம்மைப் பொறுத்தவரை இத்தட்டின் சிறப்பு அதன் உறையிலேயே தொடங்குகின்றது. ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியிற் பதிவானது, அதன்மேல் எத்தனை ஒலிச்சேர்க்கைகள் செய்யப்பட்டன என்ற விபரங்கள் அங்கு அச்சிடப்பட்டுள்ளன. பண்டமானது தன்னை ஆக்கிய உழைப்பை மறைப்பதே சந்தையின் இயல்பு. இங்கோ உழைப்பின் கணக்கு வெளிப்படையாக வைக்கப்படுகின்றது. அலுப்பைப் பொருளாகக் கொண்ட 'போர்டம்' என்ற பாடலிலே கிற்றார் தனியிசை இரண்டே சுரங்களை மீள மீள ஒலிப்பதும் இந்நோக்கினின்று வேறானதன்று. கலைஞனின் வித்தகத்தை வியந்து நிற்பதற்குக் கேட்போருக்கு அங்கு இடமில்லை. தாமும் செய்யலாம் என்ற துணிவே பிறக்கின்றது.

தட்டு வெளிவந்த சில வாரங்களில் டிவோட்டோ விலகினார். பாடும் பொறுப்பு ஷெல்லியிடம் வந்தது. 1977 ஓகஸ்ட்டில் குழு யுனைற்றெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் கம்பனியுடன் ஒப்பந்தஞ் செய்துகொண்டது. இதனைச் சரணாகதி எனக் கூறுவோருடன் நாம் உடன்படோம். தட்டை ஆக்கும் சாதனங்களை ஓரளவு கைக்கொண்ட இளைஞர்க்கு, அதனை நாடெங்கும் கொண்டுசெல்லும் விநியோகச் சாதனங்கள் எட்டவில்லை. சுயாதீனம் என்பது மனநிலையன்று. அது ஒரு பொருளாதார உறவு. அவ்வுறவின் எல்லையையே இவ்வொப்பந்தம் காட்டுகின்றது. மேலும், ஷெல்லியின் சிறந்த பாடல்கள் இதன் பின்னரே பிறந்தன. 1978இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 12ஆம் இடம்பெற்ற 'எவர் ஃபோலன் இன் லவ்' காதலின் தோல்வியைப் பாடும்போது, காதலிக்கப்படுபவர் ஆணா பெண்ணா என்பதைச் சுட்டுவதில்லை. மூன்று நிமிடத்திற்கும் குறைந்த ஒரு பொப் பாடலுள் இத்தகைய விரிவு சாத்தியமாயிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

குழு 1981இற் கலைந்தது. 1989இல் மீண்டும் கூடியது. நியூ ஹோர்மோன்ஸோ, முகாமையாளர் றிச்சார்ட் பூனின் பொறுப்பில், 1978இல் லிண்டரும் ஜோன் சாவேஜும் ஆக்கிய ஒட்டுப்பட நூலொன்றைத் தன் இரண்டாவது வெளியீடாகக் கொணர்ந்து, 1980 முதல் மன்செஸ்டரின் வேறு இளைஞர்களது தட்டுகளையும் வெளியிடலாயிற்று.