தோகை யாருக்கு?

தமிழில் பெண்ணுக்குத் 'தோகை' என்று ஒரு பெயர் உண்டு. அகராதியைப் புரட்டினால் கிடைக்கும். சொல் அழகானதுதான், விஷயம்தான் தலைகீழ். தோகை ஆண் மயிலின் உடைமை. அதை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுவதும் ஆண்தான். பெண் மயிலோ மங்கிய பழுப்பு நிறம். ஆட்டத்தைக் கவனிக்காதது போல் தரையில் இரை பொறுக்கிக்கொண்டிருக்கும். ஆனால் தீர்ப்புச் சொல்வது அதுதான். ஆடுகிறவள் பெண், பார்த்து மதிப்பிடுகிறவன் ஆண் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தால், ஆண் பறவையின் அலங்காரத்தைப் பிடுங்கிப் பெண்ணுக்குச் சூட்டியிருப்போம்!

டார்வினுக்கும் இந்தத் தோகை ஒரு தலைவலியாகத்தான் இருந்தது. உயிர் பிழைக்க உதவாத இத்தனை பெரிய சுமை எப்படி வந்தது? தலைமுறை தலைமுறையாகப் பெட்டைகள் அழகான ஆண்களையே விரும்பித் தேர்ந்தெடுத்ததால் வந்தது என்று 1871-ல் வெளியிட்ட நூலில் விடை சொன்னார். இயற்கைத் தேர்வைத் தாமாகவே கண்டறிந்த வாலஸ்கூட இதை ஏற்கவில்லை. பெட்டைக்கு ரசனை உண்டென்று ஒப்புக்கொள்ள அந்தக் காலத்து அறிஞர் பலருக்கு மனம் வரவில்லை.

டார்வின் வரைக்கும் போவானேன்? ராசிபுரம், நாமக்கல் பக்கத்துத் தோட்டக் கிணறுகளுக்கு வாருங்கள். பனை ஓலையிலும் கிணற்றின்மேல் சாய்ந்த கிளையிலும் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னியதும் அதில் தொற்றிக்கொண்டு சிறகடித்துக் கூவும். பெண் குருவிகள் வந்து சோதித்துப் பார்க்கும். பிடித்தால் மீதிக் கூடு எழும்பும். பிடிக்காவிட்டால் அது பாதிக் கூடாகவே கிடக்க வேண்டியதுதான். 1930-ல் ஸாலிம் அலி பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடலோரக் கிராமத்தில் பொறுமையாக உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்து எழுதினார். ஒரு பெண் குடிவந்ததும் ஆண் அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கப் போய்விடும் என்பதையும் அவர் கண்டார். ஆகையால் குருவியிடம் ஒழுக்கம் கற்றுக்கொள்ளச் சொல்லி நான் வரவில்லை. பரீட்சை எழுதுவது யார், மார்க்குப் போடுவது யார் என்பதை மட்டும் பாருங்கள்.

இனி நம் வீட்டுப் பெண் பார்க்கும் படலத்தை எண்ணிப் பாருங்கள். பட்டுப் புடவை கட்டி, பஜ்ஜித் தட்டை ஏந்தி வந்து, பாடச் சொன்னால் பாடுகிறவள் பெண். சாய்ந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவன் பிள்ளை. நம் கதைகளில் எத்தனையோ இந்தக் கூடத்தில்தான் நடக்கின்றன.

இந்தச் சமவெளியில் வேறொரு கதையும் உண்டு. கொங்கு நாட்டு வள்ளி கும்மியைச் சொல்கிறேன். வள்ளி பரண்மேல் நின்று தினைப்புனம் காக்கிறாள். அவள் மனத்தைப் பெற முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாகத் தள்ளாடுகிறான். சூரபத்மனை வென்ற வேலுக்கு இங்கே வேலையில்லை. ஆண் பறவையின் பாட்டைக் கடவுளே படுகிறார், வள்ளி பார்த்துக்கொண்டிருக்கிறாள். காதல் கதைக்கு இதைவிடச் சிறந்த ஆரம்பம் எனக்குத் தெரியாது.

ஆனால் முடிவு? கிழவனுக்கு அவள் இணங்கவில்லை என்றதும் அண்ணன் விநாயகர் யானையாக வந்து மிரட்டுகிறார். பயந்து ஓடிக் கிழவனிடம் அடைக்கலம் புகுகிறாள். பக்தர்கள் இதற்குத் தத்துவார்த்தம் சொல்வார்கள்; சொல்லட்டும். கதை என்ற முறையில் இது பெரிய ஓட்டை. அதுவரை தேர்ந்தெடுக்கிறவளாக இருந்தவள் இங்கே அகப்பட்டவளாகிவிடுகிறாள். நம் சினிமாக்காரர்கள் வேங்கை மரத்தை விட்டுவிட்டு யானையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கதாநாயகியைத் துரத்துவது, ஆளை ஏவி மிரட்டிவிட்டுத் தானே காப்பாற்றுவது, 'வேண்டாம்' என்றவள் அடுத்த காட்சியில் டூயட் ஆடுவது எல்லாம் அந்த யானையின் குட்டிகள்.

வெகுகாலம் ஆண்களே ஆடிவந்த கும்மி இது. பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்த கோவைப் பக்கத்துப் பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. வள்ளியின் கதையைப் பெண்களே ஆடுகிறார்கள், சந்தோஷம். ஆடலாம் சரி, தேர்ந்தெடுக்கலாமா?

2015 ஜூனில் திருச்செங்கோட்டு மலைக்கோயிலில், உடம்பில் பாதியைப் பெண்ணுக்குக் கொடுத்த ஈசனின் கோயிலில், வேறு ஜாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்த ஓமலூர் தலித் இளைஞர் ஒருவர் கடத்தப்பட்டார். படித்துப் பட்டம் பெற்றவர். பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்தது. இங்கே யானையாக வந்தது ஜாதி.

தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலை. யானையைக் கூப்பிடாமல் கதையை முடிப்பது கதாசிரியனின் வேலை. வள்ளி தானாகப் பரணைவிட்டு இறங்கி வரட்டும்; மனமில்லையென்றால் வராமலே இருக்கட்டும். இரண்டும் நல்ல முடிவுகள்தான்.