முறிந்த அம்பும் மறைந்த பெயரும்

அமெரிக்காவிலே கௌபோய்ப் படங்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்ட காலத்தில், அவற்றுட் பெரும்பாலானவற்றை விமரிசகர்கள் பொருட்படுத்தவில்லை. சனிக்கிழமைப் பகற்காட்சிகளில் அவற்றைப் பார்த்து வளர்ந்த இரசிகர்களே படங்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் நடிகர் விபரங்களையும் நினைவிலே காத்துவந்தனர். அந்நினைவு பின்னர் நூல் வடிவம் பெற்றது. 1978இல் லெஸ் அடம்ஸும் பக் ரெய்னியும் பேசும்படக் காலத்துக் கௌபோய்ப் படங்களுக்கு முழுப்பட்டியல் தர முயன்றனர். 1983இல் பில் ஹார்டியின் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. 1986இல் மைக்கல் பிற்ஸ் 4,200 படங்களுக்கு ஒரு வழிகாட்டி தொகுத்தார். 1988இல் பிரித்தானியத் திரைப்பட நிறுவனத்துக்காக எட்வர்ட் பஸ்கோம்ப் பதிப்பித்த பெருநூல், படங்களோடு அவற்றுக்குப் பின்னணியான வரலாற்றுக்கும் இடமளித்தது.

இத்தகைய உசாத்துணை நூல்களைப் பொழுதுபோக்கென்று எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் அது நேர்மையான விமரிசனமாகாது. எல்லோரும் மறந்துவிட்ட படமொன்றின் ஒளிப்பதிவாளர் பெயரைத் தேடியெடுத்து எழுதுபவன், உழைப்பை மதிப்பவனே. ஆயினும் அந்த உழைப்பை மதிக்கும் நாம் கேட்டேயாகவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. பட்டியலிலே காணும் பெயர் எங்கிருந்து வந்தது?

பெரும்பாலும் அது, படத்தின் தொடக்கத்திலே திரையில் எழுதிக்காட்டப்படும் பெயர் வரிசையிலிருந்து வந்தது. அவ்வரிசையோ படக் கம்பனியின் இசைவின்றித் திரையேறுவதில்லை. அஃது எப்பொழுதும் உண்மையை உரைத்ததா?

1950இல் டெல்மர் டேவ்ஸ் நெறிப்படுத்திய 'புரோக்கன் அரோ' என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். 'முறிந்த அம்பு' என்பது அதன் பொருள். அபாச்சி மக்களின் தலைவன் கொச்சீஸுக்கும், அவனோடு சமாதானம் பேசத் துணிந்த ஜெஃபோர்ட்ஸ் என்னும் வெள்ளையனுக்கும் இடையே மலரும் நட்பே அதன் கதை. அமெரிக்க ஆதிகுடிகளைக் குதிரையிலிருந்து சுட்டு வீழ்த்தப்படும் கூட்டமாக அன்றி, வாக்குத் தவறாத மனிதராகக் காட்டிய படம் என அது புகழப்பட்டது. திரைக்கதை ஆசிரியரென மைக்கல் பிளாங்ஃபோர்ட்டின் பெயர் திரையில் வந்தது. அவர் பெயர் ஒஸ்கார் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. திரைக்கதை எழுத்தாளர் சங்கமும் அப்பெயருக்கே பரிசளித்தது.

ஆனால் அதனை எழுதியவர் அல்பேர்ட் மோல்ட்ஸ். 1947இல் அமெரிக்கக் கொங்கிரஸின் விசாரணைக் குழு முன்னிலையில், தமது அரசியற் சார்பு பற்றிய கேள்விகளுக்கு விடையளிக்க மறுத்த பத்துப் பேருள் அவரும் ஒருவர். அவர்களுக்கு வேலை கொடுப்பதில்லையென்று அவ்வாண்டின் இறுதியிலேயே படமுதலாளிகள் அறிவித்தனர். நட்பின் பொருட்டுப் பிளாங்ஃபோர்ட் தமது பெயரை இரவல் கொடுத்தார். படம் வெளிவந்த 1950ஆம் ஆண்டிலேயே மோல்ட்ஸ் சிறை புகுந்தார். அவர் மறைந்தது 1985இல். எழுத்தாளர் சங்கம் அவருடைய பெயரை மீட்டளித்ததோ 1991இல்!

இதனாற் பெறப்படுவது யாது? நாற்பத்தோராண்டுக் காலம், திரையின் எழுத்தை நம்பித் தொகுக்கப்பட்ட எந்தப் பட்டியலும், அறியாமலே தடைப்பட்டியலுக்குத் துணைபோயிற்று. தொகுத்தவர் பொய்யுரைக்கவில்லை, கண்டதைப் பிழையின்றிப் பெயர்த்தெழுதினார். மூலமே பொய்யானால், பிழையற்ற பிரதியும் பொய்யையே பரப்பும்.

பெயர் ஒன்று மாறியதால் படம் மாறிவிடுமா என்று கேட்கலாம். எதிரியோடு பேசினான் என்னும் குற்றத்துக்காக ஜெஃபோர்ட்ஸைத் தன் இனத்தவரே தூக்கிலிட முனையும் காட்சியொன்று அப்படத்தில் உண்டு. அக்காட்சியை எழுதியவர் தேசத்துரோகியெனத் தூற்றப்பட்ட ஒருவர் என்பதை அறிந்து பார்ப்பவனுக்கு அதன் பொருள் ஆழமாகிறது. அறியாதவனுக்கு அது விறுவிறுப்பான ஒரு கட்டம் மாத்திரமே. சரியான பெயர், விமரிசனத்தின் முதற்படி.

நடிகர் வரிசையையும் இவ்வாறே நோக்கவேண்டும். ஆதிகுடிகளுக்காகப் பரிந்து பேசிய இதே படத்திற் கொச்சீஸாக நடித்தவர் ஜெஃப் சான்ட்லர் என்னும் வெள்ளை நடிகர். மோஹோக் இனத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸுக்கு, சமாதானத்தை ஏற்காத ஜெரோனிமோவின் சிறு வேடமே கிடைத்தது. ஜோன் ஃபோர்ட் 1964இல் ஷயான் மக்களின் துயரப் பயணத்தைப் படமாக்கியபோது, தலைமை வேடங்கள் ஹொலிவூட் நட்சத்திரங்களுக்குச் சென்றன. ஷயான்களாகக் கூட்டத்தில் நின்றோர் நவாஹோ மக்கள். நட்சத்திரங்களின் பிறந்த ஊரையும் எடுத்துரைக்கும் நூல்களிலே, கூட்டத்தில் நின்றவனுக்கு ஒரு வரியும் இல்லை.

ஆகவே உசாத்துணை நூலின் தகுதியை அதிலடங்கிய படங்களின் தொகை கொண்டு அளத்தல் தகாது. தான் கூறுவதற்கு ஆதாரம் எதுவென்று காட்டுகிறதா, பிழை வெளிப்பட்டபோது மறுபதிப்பிலே திருத்திக்கொள்கிறதா, திரை மறைத்த பெயரைத் தேடுகிறதா என்பனவே அளவுகோல்கள். பஸ்கோம்பின் நூல் வரலாற்றையும் படத்தையும் அருகருகே வைத்ததன் பயன் இதுதான்: வாசகன் ஒன்றைக்கொண்டு மற்றதைச் சோதிக்கலாம்.

இப்படங்களை இரசிப்போர் அவற்றை வெறுக்கவேண்டியதில்லை. பட்டியலைக் கையில் எடுக்கும்போது, அதிலே இல்லாதவர் யாரென்றும் கேட்கப் பழகினாற் போதும். மோல்ட்ஸின் பெயர் தானாகத் திரும்பி வரவில்லை. கேட்டவர்கள் இருந்தமையாலேயே வந்தது.