வரி நோட்டில் இல்லாதவர்களின் திருவிழா

ஒரு திருவிழாவை எழுத இனவரைவியல் காட்டும் வழி நேரடியானது: ஊரில் போய்த் தங்கு, கலந்துகொள், பேசு, பார்த்ததைக் குறித்துவை. இதைவிட நல்ல வழி இன்றுவரை இல்லை. ஆனால் சென்னைக்கு அருகே தொழிற்சாலைகள் சூழ்ந்த படப்பை போன்ற ஊரில் இதை அப்படியே கையாண்டால் திருவிழாவில் பாதி விடுபட்டுவிடும்.

1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, பி.கே. நம்பியார் பொறுப்பில் சென்னை மாநிலத் திருவிழாக்களுக்கென்றே ஒரு தொகுதி வந்தது. படப்பை அன்று சேர்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் கோயில்களுக்கும் ஒரு தொகுதி உண்டு. பெரிய உழைப்புதான். ஆனாலும் அந்த மாதிரிப் பட்டியலைப் படித்து ஆடிக் கூழ் வார்த்தலை உணர முடியாது. காப்புக் கட்டி, கரகம் சோடித்து வந்தபின், பம்பைக்காரர் அம்மனை வர்ணிக்கத் தொடங்குகிறார். அவர் கண் சாமி சிலைமேல் இல்லை. கூட்டத்தில் யாருக்குக் கால் தள்ளாடுகிறது, யாருக்குத் தோள் துடிக்கிறது என்று பார்த்து அடியைக் கூட்டுகிறார். அருள் இறங்கியதும், வந்திருப்பது யார், என்ன குறை என்று கேட்கிறார்கள். வைக்காமல் விட்ட பொங்கலும், பங்காளிகள் பேசாமலிருப்பதும் அப்போது வெளியே வருகின்றன. பக்கத்தில் நிற்பவருக்கு மட்டுமே கிடைக்கும் செய்தி இது. இந்த முறையின் உயிரே இங்குதான் இருக்கிறது.

கோளாறு எழுதும்போது தொடங்குகிறது. பாலித் தீவின் சேவல் சண்டை பற்றி மானிடவியலாளர் கிளிஃபோர்ட் கீர்ட்ஸ் 1972இல் எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது. அதில் பாலி மக்கள் என்ற மொத்த உருவம்தான் இருக்கிறது, தனி ஆள் ஒருவரின் பார்வையும் இல்லை என்று வின்சென்ட் கிரபன்சானோ 1986இல் குற்றம் சாட்டினார். நியாயமான குற்றச்சாட்டு. ‘ஊர் மக்கள் இவ்வாறு நம்புகிறார்கள்’ என்று நம் ஆய்வேடுகளில் வரும் வாக்கியத்துக்கும் அது பொருந்தும். பெரும்பாலும் அது தர்மகர்த்தாவும் பூசாரியும் சொன்னதாகவே இருக்கும்.

இதற்கு நம்மிடமே நல்ல மாற்று இருந்தது. தொ. பரமசிவன் ‘அழகர் கோயில்’ ஆய்வில் கள்ளர், இடையர், வலையர், தாழ்த்தப்பட்டோர் என்று ஒவ்வொரு தரப்புக்கும் கோயிலோடு உள்ள உறவைத் தனித்தனியாக விசாரித்தார். ஒரே சித்திரைத் திருவிழா பல திருவிழாக்களாகப் பிரிந்து தெரிந்தது அதனால்தான். எனக்கு அதுவே அளவுகோல்.

ஆனால் அந்த அளவுகோலும் படப்பைக்குப் போதாது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது; ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை வந்தது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டிய ஊர்களில் வாடகை வீடுகள் பெருகின. தென்மாவட்டத்துப் பிள்ளைகளும், ஒடிசா, பீகார், அசாம் தொழிலாளர்களும் அவற்றில் இருக்கிறார்கள். திருவிழாக் கணக்கோ, ஊர்க் குடும்பங்களிடம் வசூலிக்கும் தலைக்கட்டு வரியில் நிற்கிறது. வரி நோட்டில் பெயர் இருப்பவரே ஊர்க்காரர். ஆய்வாளரும் அந்த நோட்டைக் கையில் வாங்கித்தான் வேலையைத் தொடங்குகிறார். தெருவில் கூழ் வாங்கிக் குடித்துவிட்டு இரவு ஷிப்டுக்குப் பஸ் ஏறும் பையனை அவர் எந்தக் கணக்கில் எழுதுவார்?

இதைவிடக் கனமான குறை ஒன்று உண்டு. பார்ப்பதையே நம்பும் முறையால் நடக்காததைப் பார்க்க முடியாது. தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் சாமி ஊர்வலம் சேரிக்குப் போவதில்லை. அங்கே வரியும் வாங்குவதில்லை. கரகத்தின் பின்னாலேயே நடந்து எழுதுகிறவரின் ஏட்டில், ஊர்வலம் திரும்பிவிட்ட முனைக்கு அப்பால் உள்ள தெரு இடம்பெறாது. ஒதுக்கியவர்கள் போட்ட எல்லையை ஆய்வும் வழிமொழிந்துவிடுகிறது. எவ்வளவு நுணுக்கமான வருணனையாலும் இதை ஈடுகட்ட முடியாது.

ஆகவே ஊர்வலம் போகாத தெருவிலும் அதே இரவு ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தனி ஆளாக அலையும் ஆய்வாளர் என்ற பழைய பெருமையை விட்டு, இரண்டு மூன்று பேராகப் போவதே நல்லது. வாடகைக் குடித்தனக்காரர்களிடம் அவர்கள் சொந்த ஊர்த் திருவிழாவையும் கேட்க வேண்டும். அவர்கள் இதை அதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கிறார்கள். அருள் வந்தபோது வெளிவந்த குடும்ப வழக்கை அச்சேற்றுமுன் அருள் வந்தவரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். சின்ன ஊரில் பெயரை மாற்றி எழுதினாலும் ஆள் தெரிந்துவிடும். எழுதி முடித்த படியை விழாக் குழுவிடம் மட்டும் கொடுக்காமல், சேரியிலும் வாடகை வீடுகளிலும் படித்துக்காட்டி, அவர்கள் மறுத்துச் சொல்வதையும் நூலில் சேர்க்க வேண்டும்.