கழற்றும் முன் கேட்பவர்

நாமக்கல், சங்ககிரி பக்கத்து லாரிப் பட்டறைகளில் நல்ல மெக்கானிக் யாரென்று கண்டுபிடிப்பது சுலபம். "கியர் பாக்ஸ் கத்துதுங்க" என்று டிரைவர் சொன்னதும் ஸ்பேனரை எடுப்பவர் அல்ல, "எப்பக் கத்துதுங்கண்ணா?" என்று கேட்பவர்.

வண்டி நியூட்ரலில் நிற்க, கிளட்சை மிதித்ததும் சத்தம் அடங்கினால், பெட்டிக்குள் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மேல் சந்தேகம். மிதிக்கும்போதுதான் கத்துகிறது என்றால், கிளட்சின் ரிலீஸ் பேரிங், பெட்டிமேல் பழியில்லை. ஒரே கியரில் மட்டும் இரைந்தால் அந்தக் கியரின் பல். எல்லாக் கியரிலும் இரைந்து, நேரடி டாப் கியரில் மட்டும் தணிந்தால், கவுண்டர் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும். நேரடி டாப்பில் அதன்மேல் சுமை விழுவதில்லை.

கியர் விழ மறுப்பதற்கும் இதே நிதானம்தான். இன்ஜினை அணைத்தால் எல்லாம் லேசாக விழுகிறது, ஓடும்போது மட்டும் கரகரக்கிறது என்றால், கிளட்ச் முழுதாக விடவில்லை. ஏற்றத்தில் கியர் தானே கழன்றால் தேய்ந்த ஃபோர்க், பூட்டுப் பற்கள், தளர்ந்த ஸ்பிரிங்.

கடைசியாக ஆயிலை வடித்து விரலில் தேய்ப்பார். வெள்ளித் துகள் இரும்பைச் சொல்லும். மஞ்சள் மினுக்கு சிங்க்ரோ வளையத்தின் பித்தளையைச் சொல்லும். கனமான பெட்டியை இறக்க ஆளும் ஜாக்கியும் பாதி நாளும் வேண்டும். அதற்கு முன்பே கோளாறைப் பாதிக்குமேல் பிரித்துவிடும் இந்த அறிவுக்குத்தான் கூலி கொடுக்கிறோம்.