வந்தவங்க ஊரு

தேனியில் பஸ் ஏறி கம்பம் வரைக்கும் ஒரு தடவை ஜன்னலோரமாக உட்கார்ந்து போய்ப் பாருங்கள். ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே போனால் போதும். உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி... கொஞ்சம் விலகினால் போடிநாயக்கனூர், எரசக்கநாயக்கனூர், ராயப்பன்பட்டி. எத்தனை சாமி, எத்தனை பாளையம்! வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், ராவுத்தர்கள், மாதா கோயில்காரர்கள் எல்லாரும் கடைவீதிக்கு வந்தால் ஒரே தமிழில்தான் பேரம் பேசுவார்கள். அந்தத் தமிழ்கூட மலைக்கு அந்தப் பக்கத்து மலையாளத்தில் கொஞ்சம் நனைந்திருக்கும்.

மாட்டுப் பொங்கலன்று கம்பத்தில் நந்தகோபாலன் கோயில் தம்பிரான் மாடுகளைப் பார்க்க ஊரே திரளும். கோயில் கன்னடம் பேசும் ஒக்கலிகர்களுடையது. கும்பிடுகிற கை யாருடையது என்று யாரும் கேட்பதில்லை.

சரி, நம்ம சினிமாவுக்கு வருவோம். தமிழ் சினிமாவுக்கு 'மண் வாசனை'யைக் கொடுத்ததே இந்த ஜில்லாதான். பாரதிராஜாவுக்கு அல்லிநகரம், வைரமுத்துவுக்கு வடுகபட்டி, இளையராஜாவுக்குப் பண்ணைப்புரம். வடுகர் என்றால் தெலுங்கர். அதுவே ஓர் ஊர்ப் பெயராக நிற்கிறது. இளையராஜாவுக்கும் சின்ன வயதில் டேனியல் ராசையா என்று ஒரு பெயர் இருந்தது. இத்தனை இருந்தும் நம் கிராமத்துப் படங்களில் பெரும்பாலும் ஒரே சனம், ஒரே பஞ்சாயத்து, ஒரே அரிவாள். ஒரு பாய் வந்தால், ஒன்று ஹீரோவுக்காக உயிரைக் கொடுப்பார், இல்லை குண்டு வைப்பார். சும்மா டீ குடிக்க மாட்டார்.

அதனால்தான் 2018-ல் வந்த லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்குக் காணி நிலம் வாங்க ஆசை. அவ்வளவுதான் கதை. மலையேறும் பாதையில் தமிழ் வருகிறது, மலையாளம் வருகிறது, பாய் வருகிறார், சாக்கோ என்கிற தோழர் வருகிறார். யாரையும் 'இவர் இன்ன மதம், ஆனாலும் நல்லவர்' என்று படம் அறிமுகம் செய்வதில்லை. மூட்டையின் கனம் எல்லாத் தோளுக்கும் ஒன்றுதான் என்று காட்டிவிட்டுப் பேசாமல் நடக்கிறது.

இதற்கு இசை இளையராஜா என்பதிலும் ஒரு பொருத்தம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காக, தோட்டத் தொழிலாளிகள் நடுவே பாடினார் அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன். மலையாளக் கிறிஸ்தவப் பெண்மணிக்குப் பண்ணைப்புரத்துக்காரர் தமிழில் ஓட்டுக் கேட்டார். தேவிகுளமும் பீர்மேடும் கேரளாவோடு போய் அப்போது ரெண்டே வருஷம்!

ஆனால், படத்தின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. வீட்டுக்குள் பேசுகிற தெலுங்கும் கன்னடமும் என் காதில் விழவில்லை. அதைவிடப் பெரிய குறை, ரங்கசாமிக்கு ஏன் நிலமில்லை என்ற கேள்வி. பள்ளத்தாக்கில் முதலில் வந்தவருக்கு எவ்வளவு, பின்னால் வந்தவருக்கு எவ்வளவு, எப்போதும் இருந்தும் கிடைக்காதவருக்கு எவ்வளவு? இந்தக் கணக்கில் சாதி இருக்கிறது. படம் அதை முன்னுக்குக் கொண்டுவரவில்லை. 1989-ல் போடியில் சாதிக் கலவரம் நடந்த மண் இது. பல சனம் சேர்ந்து வாழ்வது வேறு, சமமாக வாழ்வது வேறு. முதலாவதைக் காட்டிவிட்டு ரெண்டாவதைத் தாண்டிப் போனால், அழகு மிச்சமாகும், நியாயம் குறையும்.

சேர்ந்து வாழ்வதும்கூட நிரந்தரமில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை வெடித்தபோது, அதுவரை தினம் ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குப் போன பெண்கள் போக முடியாமல் நின்றார்கள். மலைக்கு மேலே பல வருஷமாகக் குடியிருந்த தமிழர்கள் பயந்து கீழே இறங்கினார்கள். ஒரே வாரத்தில் 'நம்மாளு' என்பவன் 'வெளியாள்' ஆகிவிட்டான்.

படத்தின் முடிவில் ரங்கசாமி, தன் கைவிட்டுப் போன நிலத்திலேயே காற்றாலைக்கு வாட்ச்மேனாக உட்கார்ந்திருக்கிறான். கேமரா மேலே மேலே போக, அவன் புள்ளியாகிறான். சொந்த ஊரிலேயே ஒருத்தன் வெளியாள் ஆவது இப்படித்தான்!

சின்னமனூர் பக்கம் பாலார்பட்டியில் தை மாதம் பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். 1895-ல் திறந்த அணையால் தண்ணீர் கொடுத்த வெள்ளைக்காரரை 'எங்க சாமி' என்று சொல்ல முடிகிற சனம் இது. அப்படிப்பட்ட ஊரில் யாரைப் பார்த்து 'வந்தேறி' என்று சொல்வது?

இந்தப் படத்தைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்...

''நாம எங்கேருந்து வந்தோம்?''